விழுந்த மணியைத் திரும்ப நிறுத்துவது: பெயின்ட் அடித்த பித்தளை ரயில் மாடல்களில் சின்னப் பழுதுகள்

பெட்டியைத் திறந்து எஞ்சினை வெளியே எடுக்கிறீர்கள். அது இருந்த ஸ்பாஞ்சுப் பள்ளத்தில் மிளகு அளவில் கறுப்பாக ஏதோ கிடக்கிறது. உற்றுப் பார்த்தால், பாய்லரின் முதுகில் இருக்க வேண்டிய மணி. பழைய உலோக ரயில் மாடல் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. மணி விழவில்லை என்றால் விசில் விழுந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் டிரைவர் ஏறும் படி.

எனக்கு இது நடந்தது ஜப்பானில் செய்த ஒரு பித்தளை மிக்காடோவில். முன்னால் இரண்டு, நடுவில் எட்டு, பின்னால் இரண்டு சக்கரங்கள் கொண்ட நீராவி எஞ்சின் வகை அது. 1897இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலை ஜப்பானுக்கு இந்த வகை எஞ்சின்களைக் கட்டி அனுப்பியதால், அந்நாட்டுப் பேரரசரைக் குறிக்கும் சொல்லே வகைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அரை நூற்றாண்டு கழித்து ஜப்பான் அதே எஞ்சின்களைக் கையளவில் பித்தளையில் செய்து அமெரிக்காவுக்கு விற்க ஆரம்பித்தது. 1970களிலிருந்து கொரியாவும் சேர்ந்துகொண்டது. நாம் பழையதாக வாங்கும் எச்.ஓ. என்ற சின்ன அளவுப் பித்தளை எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு நாடுகளில் பிறந்தவைதான். பல எஞ்சின்கள் பெயின்ட் இல்லாமல், லாக்கர் என்னும் நிறமில்லாத வார்னிஷ் பூச்சோடு மட்டும் விற்கப்பட்டன. வாங்கியவரோ அவர் அமர்த்திய ஆளோ பிறகு பெயின்ட் அடித்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருக்கும் எஞ்சினில் என்ன பெயின்ட், எத்தனை பூச்சு என்று பெட்டியில் எழுதியிருக்காது. இது பின்னால் முக்கியமாகும்.

சரி, மணி கதைக்கு வருகிறேன். அவசரத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்து அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மணியைச் சுற்றி விபூதி பூசியதுபோல் வெள்ளைப் படலம். மூன்றாம் நாள் சட்டைக் கை பட்டு மணி மறுபடி விழுந்தது. இந்த முறை அடியில் இருந்த கறுப்பு பெயின்டையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. என் கைக்குக் கிடைத்த பாடம் அங்கேதான். பசை பிடித்தது பெயின்டை. பித்தளையை அது தொடவே இல்லை. பெயின்ட் படலம் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் என் ஒட்டின் பலமும்.

அதற்குப் பிறகு எந்தத் துண்டு விழுந்தாலும் முதலில் ஒரு மெல்லிய கம்பியைத்தான் தேடுகிறேன். துண்டிலிருந்து உடம்புக்குள் இறங்கும் ஒரு கம்பி இருந்துவிட்டால், பசைக்கு வேலை மிகக் குறைவு. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தக் கம்பியைப் பற்றித்தான்.

முதலில் தேடுங்கள், அப்புறம் கழற்றுங்கள்

துண்டு தரையில் விழுந்திருந்தால் யாரையும் நடக்கவிடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். கடுகளவு பொருளுக்கும் நீளமான நிழல் விழும். அப்படியும் கிடைக்கவில்லையா? வாக்குவம் கிளீனர் குழாயின் வாயில் ஒரு மெல்லிய காலுறையை இழுத்துக் கட்டி உறிஞ்சுங்கள். துண்டு துணியில் வந்து நிற்கும்.

கிடைத்ததும் மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். மேசையில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டை வைத்து, அதில் வெள்ளைத் துணியை விரித்து, எல்லா வேலையையும் அதன்மேல் செய்யுங்கள். சாமணத்தின் நுனியில் பிடித்த பொருள் தெறித்தால் எங்கே போகும் என்று அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். துணி அதைத் தாங்கும். வழவழப்பான மேசை தாங்காது.

என்ன உலோகம் என்று தெரிந்துகொள்வது

எல்லா உலோக எஞ்சினும் பித்தளை அல்ல. வெளியில் தெரியாத இடத்தில், பாய்லரின் உள்பக்கமோ டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) அடிப்பக்கமோ, ஊசியால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தால் இரண்டில் ஒன்று. ஒன்று, துத்தநாகத்தை அச்சில் அழுத்தி வார்த்தது. லிவர்பூலில் 1938 முதல் வந்த ஹார்ன்பி டப்ளோ எஞ்சின்களின் உடம்பு அப்படிப்பட்டது. இன்னொன்று, வெள்ளீயமும் காரீயமும் கலந்த மெத்தென்ற வார்ப்பு. பிரிட்டிஷ் கிட் மாடல்களில் நிறைய வரும். நகத்தால் அழுத்தினாலே தடம் விழுந்தால் இரண்டாவது ரகம். காந்தம் ஒட்டினால் எஃகுக் கம்பி அல்லது தகரம்.

இதைப் பார்க்காமல் சால்டரிங் அயர்னைத் தூக்காதீர்கள். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். துத்தநாக வார்ப்பு 380 டிகிரியை ஒட்டி உருகும், அதோடு அதன்மேல் சால்டரிங்குக்கு உருக்கும் சாதாரண ஈயம் ஒட்டவே ஒட்டாது. மெத்தென்ற வார்ப்பு அதற்கும் கீழேயே, வழக்கமான அயர்ன் பட்ட மாத்திரத்தில் குழைந்து ஓடிவிடும். ஒரு நண்பருடைய டெண்டரின் மூலை அப்படிச் சொட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

துத்தநாக வார்ப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. வார்க்கும்போது காரீயம் கலந்து அசுத்தமாகிப் போன பழைய துண்டுகள் பல ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே நொறுங்கும். மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள், லேசான வீக்கம், பெயின்ட் கொப்புளம் ஆகியவை அடையாளம். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். இதற்கு மருந்து கிடையாது. அப்படிப்பட்ட உடம்பில் துளை போடாதீர்கள், போட்டால் துளையைச் சுற்றியுள்ளதும் உதிரும். மெதுவான எப்பாக்ஸியால் அப்படியே ஒட்டி, அலமாரியில் வைத்துப் பாருங்கள், போதும்.

இனி நான் சொல்வது பெரும்பாலும் பித்தளைக்கு.

முன்பு எப்படி இருந்தது?

நகை வேலைக்காரர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்த துண்டின் பாதத்தையும், அது இருந்த இடத்தையும் பாருங்கள். மங்கிய சாம்பல் திட்டு இருந்தால் ஈயம் வைத்திருந்தார்கள். மஞ்சள் பூத்த கண்ணாடிபோன்ற செதில் இருந்தால் யாரோ முன்பே பசை போட்டிருக்கிறார்கள். உடம்பில் துளை, துண்டில் முறிந்த தண்டு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, பாதி வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது.

பழைய பசையை முழுக்க எடுக்க வேண்டும். பசைமேல் பசை நிற்காது. துண்டில் ஒட்டியிருப்பதைக் கத்தி முனையால் சுரண்டலாம். பெயின்டைப் பற்றிக் கவலை இல்லாத துண்டு என்றால் அசிட்டோனில் ஊறவைக்கலாம். எஞ்சின் உடம்பின் பக்கமே அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பெரும்பாலும் இருப்பதும் அதேதான். ஒரு சொட்டு பட்டால் பெயின்ட் குழம்பாகிவிடும்.

உடம்பில், துண்டின் பாதம் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயின்டை நீக்க வேண்டும். நேராகச் சுரண்ட ஆரம்பித்தால் ஓரத்தில் செதில் செதிலாகப் பெயரும். முதலில் புது பிளேடு முனையால் பாதத்தின் வடிவத்தைச் சுற்றி ஒரு கோடு வெட்டுங்கள், அப்புறம் அந்தக் கோட்டுக்குள் சுரண்டுங்கள். பாதத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே வெட்டினால் பிறகு டச்-அப் பெயின்டே தேவைப்படாமல் போகலாம். அடியில் மஞ்சள் பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். பெயின்டுக்கும் பித்தளைக்கும் நடுவில் பழைய லாக்கர் கண்ணாடிபோல நிற்கும், அதுவும் போக வேண்டும்.

கம்பி வைப்பது

தேவையானவை கொஞ்சம்தான். கையால் சுற்றும் பின் வைஸ் (மெல்லிய டிரில் பிட்டைக் கவ்வும் கைப்பிடி) ஒன்று. 0.4, 0.5, 0.6 மி.மீ. டிரில் பிட்டுகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று, ஏனென்றால் உடையும். இவை நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சர்க்யூட் போர்டு துளைக்க விற்கும், அடித்தண்டு தடித்த கார்பைடு பிட்டை வாங்காதீர்கள். அது மெஷினுக்கானது. கை கொஞ்சம் சாய்ந்தால் கண்ணாடிபோல முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். சாதாரண ஹை-ஸ்பீடு ஸ்டீல் பிட் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

கம்பிக்குப் பித்தளையோ பாஸ்பர் வெண்கலமோ நல்லது. எவ்வளவு தடிமன்? எச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு அளவு. நிஜ எஞ்சினில் 35 மி.மீ. தடிமனுள்ள கைப்பிடிக் குழாய் இங்கே 0.4 மி.மீ. ஆகிறது. ஆகவே 0.4 கம்பி ஒரு சுருள் இருந்தால் கைப்பிடிக்கும் ஆகும், உள்ளே இறக்கும் தண்டுக்கும் ஆகும். எதுவும் கிடைக்காத ஊரில் இசைக்கருவிக் கடைக்குப் போங்கள். 0.016 அங்குல கிட்டார் தந்தி கிட்டத்தட்ட சரியாக 0.4 மி.மீ. ஆனால் அது முறுக்கேறிய எஃகு. நல்ல கட்டர் வைத்து வெட்டினால் கட்டரின் வாயில் பல் விழும். பழைய கட்டரை அதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.

துளை போடுவதற்கு முன் உடம்பைக் கழற்றுங்கள். பழைய பித்தளை எஞ்சின்களில் பாய்லரை அடித்தளத்தோடு பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று திருகாணிகள்தான், முன்னே சிலிண்டர்களுக்கு நடுவில் ஒன்று, பின்னே டிரைவர் அறைக்கு அடியில் மற்றவை. மெதுவாகத் தூக்குங்கள், முன்விளக்குக்குப் போகும் ஒயர் உள்ளே இருக்கலாம். மோட்டாரை இதே இடத்தில் வைத்துக்கொண்டு துளைத்தால் பித்தளைச் சீவல் உள்ளே போய் ஷார்ட் ஆகும். உடைந்த பிட்டின் எஃகுத் துணுக்கு மோட்டார் காந்தத்தைத் தேடிக்கொண்டே போய் ஒட்டும்.

இப்போது துண்டு. மணியின் தாங்கிக்கு ஒரு மி.மீ. தடிமனாவது பாதம் இருக்கும். அதன் நடுவில் ஊசியால் ஒரு சின்னக் குழி குத்துங்கள். குழி இல்லாமல் பிட்டை வைத்தால் அது வழுக்கி ஊர்வலம் போகும். துண்டை விரலால் பிடிக்க முடியாது; ஒரு மரச்சீவலில் சூடாக்கிய மெழுகோ அரக்கோ வைத்து அதில் பதித்துவிடுங்கள். தட்டார்கள் நகையைப் பிடிக்கும் பழைய உத்திதான். வேலை முடிந்ததும் லேசாகச் சூடு காட்டினால் விட்டுவிடும். பிட்டில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய், நெட்டுக்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் சுற்றுங்கள். நாலு சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துச் சீவலைத் துடையுங்கள். ஒரு மி.மீ. ஆழம் தாராளம்.

துண்டில் போட்ட துளையில் கம்பி இறுக்கமாக இருக்க வேண்டும், உடம்பில் போடும் துளையில் கொஞ்சம் ஆட வேண்டும். துண்டுக்கு 0.4 பிட் என்றால் உடம்புக்கு 0.5. இரண்டு பக்கமும் இறுக்கமாகப் போட்டால், துளை ஓர் இழை தள்ளிப்போனாலும் மணி சாய்ந்தே நிற்கும், திருத்த இடமில்லை. ஆடும் துளையில் பசை காய்வதற்குள் நேர்செய்துகொள்ளலாம்.

உடம்பில் எங்கே துளைப்பது என்று கண்ணால் குறித்தால் தப்பும். துண்டில் கம்பியைச் செருகிவிட்டு, அரை மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். நுனியில் ஒரு பொட்டு பற்பசை தொட்டு, துண்டை அதன் இடத்தில் சரியாக உட்காரவைத்து எடுங்கள். பாய்லரில் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கும். அங்கே ஊசிக் குழி, அப்புறம் துளை. அடுத்து அந்தக் குட்டைக் கம்பியை உருவி, மூன்று மி.மீ. நீளமுள்ள புதுக் கம்பியைச் செருகுங்கள்.

பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். நேரே, பக்கத்தில், மேலிருந்து. இந்த இடத்தில் நேரம் செலவழிக்க அலுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாத் துண்டும் துளைக்கும் தடிமனில் இருக்காது. தகட்டில் வெட்டிய படி, ஏணிக் கால் போன்றவற்றுக்குப் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கம்பியைப் படுக்கவைத்து ஈயத்தால் பிடித்துவிட்டு, அதன் நுனியை உடம்புக்குள் இறக்கலாம். துண்டு தனியாக இருப்பதால் பயமின்றிச் சூடு வைக்கலாம். அதன் பெயின்ட் கருகினால் அதை மட்டும் திரும்ப அடித்தால் போயிற்று.

பசை

ஊரில் எல்லாரும் ஃபெவிக்விக் என்று பொதுப்பெயராகவே சொல்லும் சூப்பர் க்ளூ ரகம் காற்றின் ஈரத்தால் இறுகுவது. இறுகும்போது எழும் ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளைப் பூஞ்சைபோல் நிற்கும். ஈரம் கூடிய காற்றில் இது இன்னும் மோசம், கடற்கரை ஊரில் மழைக்காலத்தில் செய்தால் கட்டாயம் வரும். என் மணியைச் சுற்றி வந்த விபூதி இதுதான். மேலோட்டமான படலம் என்றால் பிறகு அடிக்கும் மாட் வார்னிஷில் பெரும்பாலும் மறைந்துவிடும். டிரைவர் அறைக் கண்ணாடி பக்கத்தில் மட்டும் இந்தப் பசையைத் திறக்கவே வேண்டாம்.

அதன் பலம் நேராக இழுப்பதற்கு. பக்கவாட்டில் தட்டினால் சடக்கென்று விடும். இடைவெளியை நிரப்பவும் அதற்குத் தெரியாது. அப்படியானால் எதற்கு அது? கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் குமிழ்களில் ஒன்று தளர்ந்து ஆடுகிறது, மற்றவை உறுதியாக இருக்கின்றன என்று வையுங்கள். அங்கே தண்ணீர்போன்ற மெல்லிய சூப்பர் க்ளூவுக்கு ஈடில்லை. தையல் ஊசியின் காதை நுனியில் உரசித் திறந்துவிட்டால் இரண்டு பல் உள்ள சின்னக் கவை கிடைக்கும். அதில் ஒரு துளி தொட்டுக் குமிழின் அடியில் காட்டினால் பசை தானே உள்ளே ஊர்ந்து போகும். அதிகம் போகாது, வெளியே வழியாது.

மற்ற எல்லாவற்றுக்கும் எப்பாக்ஸி, அதாவது அரால்டைட்போல இரண்டு டியூபில் வருவது. ஐந்து நிமிட ரகம் வேண்டாம், மெதுவாக இறுகும் ரகத்தை வாங்குங்கள். பலமும் கூடுதல், மணியை நேர்செய்ய அவகாசமும் கிடைக்கும். இரண்டு டியூபிலிருந்தும் ஒரே நீளம் பிதுக்கி, பல்குத்தியால் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் கலக்குங்கள். கலந்ததும் வைத்தால் வழியும். கொஞ்சம் பொறுத்து, பல்குத்தியைத் தூக்கினால் கம்பிப்பாகு பதத்தில் இழை வரும்போது எடுங்கள். அளவு, கடுகில் பாதி. கம்பியிலும் பாதத்தின் நடுவிலும் மட்டும். ஓரத்தில் பிதுங்கி வந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் உடனே துடைக்கலாம், ஆனால் அதற்கு முன் டெண்டரின் அடியில் அந்த ஆல்கஹாலைத் தேய்த்துப் பாருங்கள். சில பெயின்ட் அதற்கும் கரையும்.

பிடித்துவைக்கப் பூமியின் ஈர்ப்பைப் பயன்படுத்துங்கள். மணி மேலே இருக்கிறதென்றால் எஞ்சினை நிமிர்த்தி, படி பக்கத்தில் என்றால் எஞ்சினைப் பஞ்சுப் பொதியில் சாய்த்துப் படுக்கவைத்து. கிளிப் போட்டு இறுக்கினால் இழுபட்டு நகரும். பிள்ளைகளின் களிமண் ஒரு உருண்டை பக்கத்தில் முட்டுக்கொடுத்தால் போதும். மிச்சப் பசையை அட்டையில் அப்படியே விட்டுவையுங்கள். காய்ந்ததா என்று அதைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும், மணியை அல்ல. 24 மணி நேரம் விடுங்கள்.

சூடு எப்போது?

சில துண்டுகள் பாரம் தாங்குபவை. வண்டிகளை இணைக்கும் கப்ளர் பெட்டி, தண்டவாளத்தில் தூக்கி வைக்கும்போது விரல் படுகிற ஏறுபடி, முன் முட்டுத்தடி. இவற்றுக்கு எப்பாக்ஸியும் கம்பியும் பல நேரம் போதும், ஆனால் ஈயம் வைத்ததற்கு இணையில்லை. பெயின்ட் அடித்த உடம்பில் ஈயம் வைப்பது முடியாத காரியமும் அல்ல. ஆனாலும் முதல் எஞ்சினில், முதல் பழுதில் செய்யாதீர்கள். இரண்டு பித்தளைத் தகட்டுத் துண்டுகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, காயவிட்டு, அவற்றில் பழகுங்கள்.

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு சின்ன அயர்னை எடுப்பது. 15 வாட் என்றால் பெயின்டுக்குப் பாதகமில்லை என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு. பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும். சின்ன அயர்ன் கொடுக்கும் சூடெல்லாம் பாய்லர் முழுக்கப் பரவி, ஈயம் உருகும் முன்னாலேயே ஒரு கையகலத்துக்குப் பெயின்ட் கொப்பளிக்கும். 60 வாட் அயர்ன், அகன்ற சுத்தமான நுனி, இரண்டு மூன்று நொடி. பட்டதும் ஈயம் ஓட வேண்டும், உடனே எடுக்க வேண்டும். சுற்றிலும் ஈர டிஷ்யூ காகிதத்தை ஒட்டிவையுங்கள், அது சூட்டைக் குடித்துக்கொள்ளும். பாய்லருக்குள் எடைக்காக வைத்த காரீயக்கட்டி இருந்தால் வெளியே எடுங்கள், அதுவும் சூட்டைத் திருடும்.

உடம்பும் துண்டும் சேரும் இரண்டு பரப்பிலும் முன்கூட்டியே தனித்தனியாக மெல்ல ஈயம் பூசிவிடுங்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல. பிறகு சேர்த்துவைத்து ஒரு முறை சூடு காட்டினால் போதும், புதிதாக ஈயம் ஊட்ட வேண்டாம்.

எந்த ஈயம்? எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் சரியாக 183 டிகிரியில் உருகும். வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த ரகம் 138 டிகிரியிலேயே உருகும், பெயின்டுக்கு அவ்வளவு நல்லது. ஆனால் பழைய எஞ்சினில் ஏற்கெனவே காரீயம் கலந்த ஈயம் இருக்கும். அதோடு பிஸ்மத் சேர்ந்தால், மூன்றும் கலந்த இடத்தில் உருகுநிலை 96 டிகிரிக்கு விழுந்துவிடும், ஒட்டும் நொறுங்கும் தன்மை பெறும். பிஸ்மத் ரகம் வாங்கினால் பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே பயன்படுத்துங்கள்.

ஈயம் ஓடி ஒட்டுவதற்காகத் தடவும் ஃப்ளக்ஸ் விஷயத்தில் ரோசின் ரகம் சாது. அமில ரகம் பித்தளையில் அற்புதமாக வேலை செய்யும், ஆனால் விட்டுவைத்தால் சில மாதத்தில் பெயின்டுக்கு அடியிலிருந்து பச்சைக் களிம்பு எட்டிப் பார்க்கும். அமிலம் போட்டால், சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வெறும் தண்ணீரால் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். மோட்டார் கழற்றியே இருக்கிறது அல்லவா? ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். காரீயம் கைமண்ணாக வாய்க்குப் போகக் கூடாது.

பெயின்ட்

சுரண்டலும் கருகலும் சின்னதாக இருந்தால் தூரிகையால் கோடு இழுக்காமல், பல்குத்தி நுனியால் பொட்டு வைத்து நிரப்புங்கள். வெறும் பித்தளை தெரியும் இடத்தில் உலோக பிரைமர் ஒரு பொட்டு முதலில். நிறம் எடுக்கும்போது டப்பியில் கறுப்பு என்று எழுதியிருப்பதை அப்படியே வைக்காதீர்கள். பழைய கறுப்பு எஞ்சின் உண்மையில் கரும்பழுப்பு அல்லது கருஞ்சாம்பல். சுத்தக் கறுப்பு வைத்த இடம் ஓட்டைபோலத் தெரியும். ஒரு துளி சாம்பலும் பழுப்பும் கலந்து, அடிப்பக்கத்தில் வைத்து, காய்ந்தபின் பாருங்கள், ஈரத்தில் நிறம் பொய் சொல்லும்.

பழைய பெயின்ட் எனாமலாக இருந்து, நீங்கள் லாக்கர் ரகத்தை மேலே வைத்தால் அடிப்பூச்சு சுருங்கிக் காய்ந்த தோல்போல ஆகும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அந்த ஆபத்து இல்லாதது, டச்-அப் வேலைக்கு நான் வேறு எதையும் தொடுவதில்லை.

துண்டே தொலைந்துவிட்டால்

கைப்பிடி, குழாய் எல்லாம் கம்பிதானே, வளைத்துக்கொள்ளலாம். மறுபக்கத்தில் அதன் ஜோடி இருந்தால் அதை அளவுக்கு வைத்து ஒரு மரத்துண்டில் குண்டூசி அடித்து, அதைச் சுற்றி வளையுங்கள். மணி, விசில், ஏர் பம்ப் போன்றவற்றைத் தனித்தனியாக விற்கிறார்கள். அமெரிக்க எஞ்சின்களுக்கு கால்-ஸ்கேல் போன்ற பெயர்களில் வரும் பித்தளை வார்ப்புகள் நல்லவை. அவை செய்யப்படுவது மெழுகு வார்ப்பு முறையில்: மெழுகில் உருவம் செய்து, மேலே அச்சுப் பூசி, சூட்டில் மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் நடராஜர் பிறப்பதும் இதே வழியில்தான், அளவுதான் மிளகு. வாங்கும்போது உங்கள் எஞ்சினின் ரயில்வே நிறுவனம் எது என்று பார்த்து வாங்குங்கள். மணியின் தாங்கி ஊருக்கு ஊர் வேறு.

கடைசியாக, அந்தப் பெட்டி

என் மணி விழுந்ததற்குக் காரணம் ஒட்டின் வயசு மட்டும் அல்ல. பழைய பெட்டிகளில் உள்ள மஞ்சள் ஸ்பாஞ்சு ஆண்டுகள் போகப் போக மக்கிப் பிசுபிசுக்கும். எஞ்சினை இழுக்கும்போது அது மணியையும் ஏணியையும் பிடித்துக்கொள்ளும், சில சமயம் பெயின்டிலேயே ஒட்டி நிற்கும். விரலால் தொட்டால் பொடியாகிற ஸ்பாஞ்சு என்றால் தயங்காமல் தூக்கி எறிந்துவிட்டு, பாலிஎத்திலீன் ஃபோமில் புதுப் பள்ளம் வெட்டுங்கள். எஞ்சினை மெல்லிய பாலித்தீன் தாளில் தொட்டில்போல ஏந்தி உள்ளே இறக்குங்கள். வெளியே எடுக்கும்போது தாளின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினால் மணியை யாரும் தொட வேண்டியதில்லை. ஒட்டிய துண்டு எது, எந்தப் பசை, எந்த ஈயம், எந்த நிறக்கலவை என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்த எஞ்சினைத் திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும் நினைவிருக்காது.